சுண்டு கவ்விக்கொண்டு வந்தது

போன வாரம் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தீர்களே, அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. காலையில் சேர்ந்து நடந்துவிட்டு நம்மில் ஒருத்தி வீட்டில் காபிக்கு உட்கார்ந்தோம். அவள் பேத்தி வளர்க்கிற வெள்ளை நாய்க்குட்டி ரப்பர் பந்து ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, இத்தனை பேரை விட்டுவிட்டு, நேராக என்னிடம் வந்தது. நான் சோபா மேல் ஏறி நின்று அலறினேன். டம்ளர் உருண்டு காபியெல்லாம் தரையில். "பேரன் பேத்தி எடுத்தவ, இத்துனூண்டு நாய்க்கு இந்தக் கத்தா?" என்று கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். எனக்கு நாய் என்றால் பயமே கிடையாது. தெருவில் குரைத்துக்கொண்டு வரும் நாயை 'போடா' என்று ஒரு அதட்டலில் திருப்பி அனுப்புகிறவள் நான். ஆனால் வாயில் எதையாவது வைத்துக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு, ஒரு நாய் என்னைத் தேடி வந்தால் இந்த வயதிலும் எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது. ஏன் என்று கேட்டுவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

நான் கொல்லிமலைக்காரி என்று உங்களுக்குத் தெரியும். வாழவந்தி நாட்டில் எங்கள் வீடு. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எனக்கு அப்போது நாலாவது படிக்கிற வயது, எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். மலையடிவாரத்துக் காரவள்ளிக்குச் சாமான் வாங்க இறங்கிய அப்பா, உப்பு மூட்டையோடு ஒரு நாய்க்குட்டியையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். ஒவ்வொரு வளைவுக்கும் அது வாந்தி எடுத்ததாம். கண்டக்டர் தன் செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுரட்டுங்களா?" என்று கேட்டாராம். வீட்டு வாசலில் பையைக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து தள்ளாடிக்கொண்டு வந்தது ஒரு கறுப்பு உருண்டை. கால் நாலும் குட்டை. ஈரத்தில் நடந்தால் வயிறு சேறாகிவிடும். வளர்ந்தபிறகும் அவ்வளவுதான் இருந்தான். சுண்டு என்று பெயர் வைத்தோம்.

அவனுடைய அட்டகாசங்களைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு நடை போனமாதிரிதான். ஒரு தடவை பழுத்து விழுந்த பலாப்பழத்துக்குள் தலையை விட்டு எடுக்கத் தெரியாமல், பழத்தோடு ஊரைச் சுற்றினான். குழந்தைகளெல்லாம் அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடின. இன்னொரு தடவை பனிமூட்டத்தில் பஸ் ஏறிவிட்டான். அடுத்த நாட்டுக்குப் போய், மாலை பஸ்ஸில் டிரைவர் காலடியில் படுத்துக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி வந்து இறங்கினான்.

ஆனால் அவனுடைய உண்மையான வித்தை வேறு. எதையும் பல் படாமல் கவ்விக்கொண்டு வருவான். மிளகுக்கொடி அடியில் கோழி திருட்டுத்தனமாக வைத்த முட்டையை ஒருநாள் கொண்டுவந்து, உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்தான். கீறல் இல்லை. நான் ஒரு துண்டு வெல்லம் கொடுத்தேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து அவனுக்கு அதுவே தொழிலாகிவிட்டது. வாத்தியாரின் கண்ணாடிக் கூடு, பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டி, நனைந்த பீடிக்கட்டு, ஒருநாள் உயிரோடு ஒரு பாம்புக்குட்டி! எல்லாம் என் மடிக்குத்தான் வரும். நான் உட்கார்ந்திருக்க வேண்டும். வைத்துவிட்டு ஓரடி பின்னால் போய்க் குந்திக்கொண்டு என் முகத்தையே பார்ப்பான். நான் நின்றால் வைக்கமாட்டான், என்னைச் சுற்றிச் சுற்றி வருவான். நான் ஓடினால் விளையாட்டு என்று நினைத்து வாயில் இருப்பதோடு துள்ளித் துள்ளித் துரத்துவான். அம்மாவுக்கு அவனைக் கண்டால் ஒரே பெருமை. "கோழி எங்க போயி முட்டை வெச்சாலும் எம் மவன் கண்டுபிடிச்சுக் கொண்டாந்துருவான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அந்த வருஷம்தான் காட்டுப்பன்றிகள் வந்து விழுந்தன. எங்கள் பக்கம் அப்போது எல்லாரும் குச்சிக்கிழங்கு போட ஆரம்பித்திருந்த காலம். மரவள்ளியைத்தான் சொல்கிறேன். கிழங்கு ஏற்ற லாரி வரும், அதை நம்பித்தான் வருஷம் முழுக்கச் சோறு. எங்களுக்கும் அம்மாவின் தம்பியான மாமாவுக்கும் சேர்ந்து ஒரு காடு, விளைநிலத்தை நாங்கள் காடு என்போம். அப்பா பாதி நாள் கீழே கூலிக்குப் போய்விடுவதால் அதைப் பார்த்துக்கொண்டது மாமாதான். பன்றிகள் ஒரு ராத்திரியில் ஒரு வரிசையைக் கிளறிப் போட்டுவிடும். மாமா தகரம் தட்டினார், முள் அடைத்தார், தீ மூட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அவுட்டுக்காய் வைத்தார்.

அவுட்டுக்காய் என்றால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சணல் சுற்றிய சின்ன உருண்டை, உள்ளே வெடி. கருவாட்டு வாசனைக்குப் பன்றி வந்து கடிக்கும், கடித்தால் வாயோடு போகும். கடித்தால்தான் என்றில்லை, அழுத்தினாலும், கல்லில் விழுந்தாலும் அதேதான். பாரஸ்ட்காரர்களுக்குத் தெரிந்தால் ஜெயில். ஆகவே வைக்கிறவர்கள் யாரும் வைக்கிறேன் என்று சொல்வதில்லை. பொழுது சாய வைப்பார்கள், விடிந்ததும் மாடு மேய வருவதற்குள் எடுத்துவிடுவார்கள். மாமா மாட்டுக்கொட்டகையில் அதைச் சுற்றிக்கொண்டிருந்ததை நான் தற்செயலாகப் பார்த்துவிட்டேன். அவர் திட்டவில்லை. என் கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார். "இதைத் தொட்டீன்னா இந்த வெரலு இருக்காது, இது இருக்காது, இதுவும் இருக்காது. அம்மாகிட்டச் சொல்லாத கண்ணு." அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அப்படியிருக்கும்போது பெரியப்பா வீட்டுக் கிடாரி ஒன்று ஒருநாள் மேய்ச்சலிலிருந்து தானாக வீட்டுக்கு வந்து, தன் முளைக்குச்சி பக்கத்தில் நின்றது. அதன் முகத்தில் கீழ்ப்பாதி இல்லை. கத்தவும் முடியவில்லை அதற்கு. அப்படியே நின்றது. யார் வைத்தது என்று பெரியப்பா ஊர் நடுவில் நின்று கேட்டார். எங்கள் ஊரில் நாலைந்து பேர் வைத்துக்கொண்டிருந்தார்கள், எல்லாருமே தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமாவும் குனிந்துகொண்டார்.

அன்றைக்குப் பிடித்த பயம்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கிடாரி, கிடாரியின் உடம்பில் சுண்டுவின் தலை. பொழுது சாய்ந்ததும் அவனைக் கட்டிப்போடுவேன். விடிந்து, மாமா காட்டிலிருந்து திரும்பி எங்கள் வாசலில் நின்று இருமுவார். "எடுத்துட்டேன் கண்ணு" என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த இருமலைக் கேட்ட பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பேன். அம்மா எதுவும் தெரியாமல், "இவளுக்கு நாய் மேல பைத்தியம் புடிச்சிருக்குது" என்பாள்.

பிறகு நோம்பி, அதாவது ஊர்த் திருவிழா, வந்தது. எங்கள் ஊர் மாரியாத்தாளுக்கு நோம்பி சாட்டிக் காப்புக் கட்டிவிட்டால், முடிகிறவரை யாரும் ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. காட்டில் கால் வைக்கக் கூடாது. வெளியே போயிருப்பவர்கள் கூட அதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள். அந்த வருஷம் கரகம் எடுக்கும் முறை மாமாவுக்கு வந்தது. காப்பு அன்றைக்கு விடிந்து கட்டுவதாகப் பேச்சு. ஆனால் பூசாரி நேரம் பார்த்துவிட்டு, இருட்டோடு எல்லாரையும் எழுப்பி, மாமாவின் மணிக்கட்டில் மஞ்சளைக் கட்டிவிட்டார். மாமா முந்தின நாள் பொழுது சாய வைத்தவை காட்டில் அப்படியே கிடந்தன.

அன்று காலை இருமல் கேட்கவில்லை. நானே தேடிப்போய்க் கேட்டேன்.

"மாமா, எடுத்துட்டீங்களா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "காப்புக் கட்டியாச்சு கண்ணு, நான் எப்படிப் போவேன்? நோம்பி முடியற வரைக்கும் காட்டுப் பக்கம் ஆருமே போமாட்டாங்க. மாடும் கட்டுத்தறியிலதான். கெடந்துட்டுப் போவுது. வந்தா பன்னிதான் வரும்."

பெரியவர் கணக்கு அது. மனுஷர்கள் போகமாட்டார்கள், மாடு போகாது, சரிதான். நாய்க்கு யார் காப்புக் கட்டினார்கள்? நான் ஓடிப்போய், கட்டியிருந்த சுண்டுவை மாட்டுக்கயிற்றில் இரட்டை முடிச்சுப் போட்டு மறுபடியும் கட்டினேன். அவன் ஊளையிட்டான். இடட்டும் என்று விட்டேன்.

மத்தியானம் கோயிலடியில் ஊரே கூடியிருந்தது. மெல்லிய சாரல். பெண்கள் வரிசையாகக் கல் கூட்டிப் பொங்கல் வைத்து, புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் காலுக்கடியில் புகுந்து ஓடினார்கள். மேளம் நெஞ்சில் அடித்தது. மாமா கரகத்தைத் தலையில் வைத்து ஆடிக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்து நின்ற அம்மா, "நல்ல நாளும் அதுவுமா அந்த வாயில்லாச் சீவனைக் கட்டிப் போட்டுட்டு வந்திருக்கிறயே, பாவம்டீ. அவுத்து உட்டுட்டு வந்தேன்" என்றாள்.

அம்மாவிடம் என்ன சொல்வது? மாமாவிடம் சத்தியம் செய்திருந்தேன். கூட்டத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தேன், வீட்டுக்கு ஓடலாம் என்று. அப்போதுதான் எல்லைக் கல்லைத் தாண்டி, காட்டுப் பாதையில், குட்டைக் காலால் தத்தித் தத்தி, வாலை ஆட்டிக்கொண்டு சுண்டு வந்தான். வாயில் ஒரு உருண்டை. சணல் சுற்றிய உருண்டை.

என்னைப் பார்த்துவிட்டான். வேகமெடுத்தான்.

எனக்கு அந்த நேரம் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன். ஓடினால் துரத்துவான். எனக்குப் பின்னால் ஊரே இருக்கிறது, பொங்கல் அடுப்பு இருக்கிறது, என் தம்பிகள் இருக்கிறார்கள். கத்தினால் யாராவது கல்லை எடுப்பார்கள். நின்றுகொண்டே இருந்தால் சுற்றிச் சுற்றிக் குதிப்பான். செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். நான் அவனுக்கு எதிரே நாலடி போய், ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாவாடையை மடியில் தளர்த்திக்கொண்டேன். 'கடிச்சுராதடா, கடிச்சுராதடா' என்று உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

அந்த நேரம் மாமா இந்தப் பக்கம் திரும்பினார். பார்த்தார். ஆட்டம் அப்படியே நின்றது. கண் பிதுங்கி, உடம்பு கிடுகிடுவென்று நடுங்கி, வாய் கோணி, அவர் நின்ற நிலையைப் பார்த்து மேளக்காரர்கள் அடியை வேகப்படுத்தினார்கள். "ஆத்தா எறங்கிட்டாடோய்!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவர் காலில் ஊற்றினார்.

"ஆரும் அசையாதீங்க!" என்று மாமா கத்தினார். அது அவர் குரலாகவே இல்லை. "மேளத்தை நிறுத்து! நின்ன எடத்துலயே நில்லுங்க! நாய்கிட்ட ஆரும் போகாதீங்க! கல்லைக் கையில எடுத்தீங்கன்னா ஊரே அழிஞ்சிரும்!"

"உத்தரவு ஆத்தா!" என்றார் ஊர்க்கவுண்டர், கையைக் கூப்பிக்கொண்டு.

"என்ன கொறை ஆத்தா? சொல்லு ஆத்தா!" என்று பூசாரி அழுதார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அத்தனை கூட்டமும் மூச்சுவிடாமல் நின்றது. கைக்குழந்தைகூட அழவில்லை. மனுஷன் சொல்லியிருந்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருப்பார்கள். மாமா கரகத்தை இறக்கக் கூடாது, அது முறை. தலையில் கரகத்தோடு ஓரோர் அடியாக என்னை நோக்கி வந்தார். அதற்குள் சுண்டு வந்துவிட்டான். மூக்கு ஈரம் என் முழங்காலில் பட்டது. கருவாட்டு நாற்றம். வழக்கம்போல் தலையைச் சாய்த்து, முட்டையை வைக்கிற மாதிரி, அதை என் மடியில் வைத்தான். ஓரடி பின்னால் போய்க் குந்தினான். என் முகத்தையே பார்த்தான்.

"மூச்சை உடாத சாமி. மடியைக் குலுக்காத" என்றார் மாமா, இப்போது தன் சொந்தக் குரலில். முட்டி போட்டு, கரகம் சாயாமல், இரண்டு கையாலும் அதை எடுத்தார். எழுந்து, கோயிலை ஒட்டிய ஓடைப் பள்ளத்தை நோக்கி நடந்தார். எனக்கு அழுகைகூட வரவில்லை. பாவாடை நனைந்திருந்தது. சாரல் என்று நினைத்தேன். சாரல் இல்லை. சுண்டு வெல்லம் வரும் வரும் என்று பார்த்துவிட்டு, முன்னங்காலை என் முழங்காலில் வைத்து முனகினான். நான் அவனைக் கழுத்தோடு கட்டிக்கொண்டேன்.

ஊருக்கு இன்றுவரை உண்மை தெரியாது. ஆத்தாள் நாய் வாயில் ஏதோ கொடுத்தனுப்பினாள், கரகக்காரன் அதை வாங்கி ஓடையில் விட்டான் என்றுதான் பேச்சு. சுண்டுவின் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள், ஒரு இலையில் பொங்கல் வைத்தார்கள். அவன் குங்குமத்தோடு பொங்கல் தின்றதைப் பார்த்து எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அம்மாவிடம் மட்டும் மாமா அன்று சாயந்திரமே சொல்லிவிட்டார். அம்மா அடுப்படியில் நின்றபடி கேட்டாள். முகம் வெளுத்துவிட்டது. மாமாவை நாலு அறை அறைந்திருப்பாள், ஆனால் காப்புக் கட்டியவன் மேல் கைவைக்கக் கூடாதே! காட்டில் கிடப்பதை நோம்பி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும், இனி வைக்கவே கூடாது என்று சத்தியம் மட்டும் வாங்கினாள். பிறகு என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய்ப் புளியமரத்தில் ஒரு மிளாறு ஒடித்துக்கொண்டு வந்தாள்.

"இனி நீ ஒரு துரும்பை வாயில தூக்கிட்டு எம் புள்ளைகிட்ட வரக்கூடாது" என்று சுண்டுவிடம் சொன்னாள். அவன் வாலாட்டினான்.

அன்றிலிருந்து அவன் எதைக் கொண்டுவந்தாலும் அடி. முட்டை கொண்டுவந்தால் அடி, செருப்பு கொண்டுவந்தால் அடி. நான் குறுக்கே விழுந்தால் எனக்கும் ஒன்று. அவனுக்குப் புரியவில்லை. போன மாதம் வெல்லம் கிடைத்த காரியத்துக்கு இந்த மாதம் ஏன் மிளாறு என்று எந்த நாய்க்குப் புரியும்? அடித்துவிட்டு அம்மா கொல்லைப்புறம் போய் முந்தானையில் மூக்கைச் சிந்துவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் இரண்டு பெற்றவள். அவளுக்கு இருந்த பயத்தில் பாதி எனக்கு இருந்திருந்தாலும் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

கொஞ்ச நாளில் சுண்டு கற்றுக்கொண்டான். எதையாவது கண்டால் கவ்வுவான், வீட்டைத் திரும்பிப் பார்ப்பான், காது மடங்கும். கீழே வைத்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டு, முன்னங்காலுக்கு நடுவில் பிடித்து, கொறிக்க ஆரம்பிப்பான். "பாத்தியா, திருந்திட்டான்" என்றாள் அம்மா. மிளாறைக் கூரையில் செருகிவிட்டாள்.

பன்றிகளோ திருந்தவில்லை. கிழங்கு லாரி வரவேண்டிய நேரத்தில் பாதிக் காடு கிளறிக் கிடந்தது. மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"இவன்தான் இப்ப எதையும் தூக்கறது இல்லையே அக்கா. ஊட்டுக்கு ஒண்ணும் வராது. நாலு நாளைக்கு வெச்சுட்டு எடுத்தர்றேன். இல்லாட்டி வருசத்துக்கும் என்னத்தைத் திங்கறது?"

அம்மா கூரையில் செருகியிருந்த மிளாறைப் பார்த்தாள். பிறகு சரியென்று தலையை ஆட்டினாள்.

"அவன் அங்கயே கடிச்சா?" என்று கேட்டேன்.

"இவனா? முட்டையையே கடிக்காதவன்" என்றார் மாமா.

"இப்பக் கடிக்கிறான் மாமா. நான் பாத்தேன். வெச்சுக்கிட்டுக் கடிக்கிறான்."

"பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத" என்றாள் அம்மா.

நான் பழையபடி கட்டினேன், பழையபடி இருமலுக்குக் காத்திருந்தேன், இருமல் கேட்டதும் அவிழ்த்துவிட்டேன். ஒருநாள் பனியில் கையெட்டும் தூரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அன்றும் மாமா இருமினார். தேடியதில் ஒன்று கிடைக்கவில்லை என்பதையும், பன்றி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டதையும் பிறகுதான் சொன்னார். பனி விலகி வெயில் வந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாள். நானும் அம்மாவும் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தோம்.

காட்டிலிருந்து ஒரே ஒரு சத்தம். பலாமரத்துக் காக்கைகள் மொத்தமாக எழுந்தன.

அம்மா மிளகை மிதித்துக்கொண்டு ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். வீட்டுக்குள் பார்த்துப் பெரிய தம்பியை அழைத்தாள், வந்தான். தூளியை விலக்கிச் சின்னவனைப் பார்த்தாள், தூங்கிக்கொண்டிருந்தான். மாமா வேட்டி அவிழ ஓடிவந்து, "புள்ளைங்க எங்கக்கா?" என்று கத்தினார்.

"இருக்குதுங்கடா. எல்லாம் இருக்குதுங்க. மாரியாத்தா, எங் கொலதெய்வமே!" அம்மா அப்படியே மிளகின் மேல் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேரையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது, சிரித்தாள்கூட. அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். திரும்பிக் காலியான கயிற்றைப் பார்த்தாள். அவள் கை என் தோளில் சில்லிட்டுப் போனது.

"கூப்புடு சாமி" என்றாள். "அவன் இங்கதான் எங்கயாச்சும் இருப்பான். நீ கூப்புட்டா வருவான். கூப்புடு கண்ணு, ஒரு தடவை கூப்புடு."

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள், கெஞ்சினாள். நான் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டால் எப்படி இருந்தாலும் வருவான் என்று எனக்குத் தெரியும்.